நகத்தைப் பார்த்து எவ்வளவு சொல்ல முடியும்?

உங்கள் கேள்வி நாலே வரிதான். இரண்டு கை நகங்களிலும் நீளவாக்கில் கோடுகள் இருக்கின்றன, அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் வந்து போகின்றன, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, வலது கட்டைவிரலில் லேசாக ஒரு பழுப்புக் கோடும் இருக்கிறது என்கிறீர்கள். வெள்ளைப் புள்ளி என்றால் கால்சியம் குறைவு, கோடு என்றால் சிறுநீரகக் கோளாறு என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். நகத்தை வைத்தே உள்ளே இருக்கும் நோயைக் கண்டுபிடித்துவிடலாமா, மாத்திரை ஏதாவது ஆரம்பிக்கட்டுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நகம் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்பது ஒன்று. நான் பயப்பட வேண்டுமா என்பது மற்றொன்று. நகம் சொல்கிறதுதான், ஆனால் நீங்கள் படித்த அளவுக்கு இல்லை. பயத்தைப் பொறுத்தவரை, நீங்கள் கவலைப்படும் இரண்டும் அநேகமாகக் கவலைப்பட வேண்டியவை அல்ல. போகிற போக்கில் கடைசியாகச் சொன்னீர்களே, அந்தப் பழுப்புக் கோடு, அதைத்தான் ஒரு தோல் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். பல வருடங்களாகத் தோல் மருத்துவம் பார்க்கிறேன், அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஆனால் உங்கள் நகத்தை நான் பார்க்கவில்லை. அதனால் இதை நோய் நிர்ணயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் நகம் எப்படி வளர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நாம் வெட்டி எறிகிற கெட்டியான பகுதி நகத்தட்டு. அது கெரட்டின் என்ற புரதத்தாலான உயிரில்லாத அடுக்கு. அதைச் செய்து வெளியே தள்ளுவது தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் வேர்ப்பகுதி. நகத்தின் அடியில் வெண்மையாகத் தெரியும் பிறை அந்த வேரின் முன்விளிம்புதான். தட்டுக்குக் கீழே இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய திசு, அதாவது நகப்படுகை இருக்கிறது. நகம் இளஞ்சிவப்பாகத் தெரிவது அதனால்தான், தட்டுக்குச் சொந்த நிறம் கிடையாது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். வேரிலிருந்து நுனி வரை வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். கால் கட்டைவிரல் நகத்துக்கு ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை பிடிக்கும். வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தன் இடது கட்டைவிரல் நகத்தின் வளர்ச்சியை 35 வருடம் விடாமல் அளந்து குறித்துவைத்தார். 32 வயதில் ஒரு நாளைக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. வயது ஏற ஏற நகம் மெதுவாகிறது என்பதற்கு இதைவிடப் பொறுமையான சாட்சியம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதிலிருந்து கிடைப்பது என்னவென்றால், நகத்தில் ஒரு மாற்றத்தைப் பார்த்தால் 'இது என்ன நோய்' என்று உடனே கேட்கக் கூடாது. முதலில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒரு நகத்தில் மட்டும் இருக்கிறதா, பல நகங்களில் இருக்கிறதா? நகம் வளர வளர அடையாளமும் நுனியை நோக்கி நகர்கிறதா, இருந்த இடத்திலேயே நிற்கிறதா? நகத்தை லேசாக அழுத்தினால் மறைகிறதா, மறையவில்லையா? ஒரே நகத்தில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அந்த விரலின் பிரச்சினை. அடிபட்டிருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம், ஏதாவது கட்டி இருக்கலாம். எல்லா நகங்களிலும் ஒரே காலத்தில் வந்தால்தான் உடம்புக்குள் காரணம் தேட வேண்டும். நகர்ந்தால் அது தட்டில் பதிந்தது, அழுத்தி மறைந்தால் படுகையில் இருப்பது. நோயாளி வந்து கை நீட்டியதும் நான் மனதுக்குள் கேட்டுக்கொள்வது இதைத்தான். நோயின் பெயரெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, உங்கள் வெள்ளைப் புள்ளிகளுக்கு வருவோம். கால்சியம் குறைவு என்ற நம்பிக்கை ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இருக்கிறது. அது தவறு என்று தயங்காமல் சொல்லலாம். நகத்தில் கால்சியம் மிகக் குறைவு. அதன் கெட்டித்தன்மை கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகளிலிருந்து வருகிறது. கால்சியம் மாத்திரை விழுங்கினால் புள்ளி போகாது. வேர்ப்பகுதியில் சின்னச் சின்ன அடி படும்போது அங்கே உருவாகும் செல்கள் சரியாக முதிராமல் தட்டில் சேர்ந்துவிடுகின்றன, அவைதான் வெண்புள்ளியாகத் தெரிகின்றன. மேசையில் விரலால் தட்டுவது, நகம் கடிப்பது, அழகு நிலையத்தில் நக அடித்தோலை (நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்) பின்னுக்குத் தள்ளுவது, இதெல்லாம் போதும். அடிபட்டது நினைவில் இருக்காது, ஏனென்றால் புள்ளி தோலைத் தாண்டி வெளியே தெரியவே சில வாரங்கள் ஆகும். 'வந்து போகின்றன' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நுனிக்கு நகர்ந்து வெட்டுப்பட்டுப் போகின்றன, அவ்வளவுதான். குழந்தைகளுக்கு இது மிகவும் சகஜம்.

நீளவாக்கில் ஓடும் மேடுபள்ளக் கோடுகளும் அப்படித்தான். நாற்பதைத் தாண்டியபின் இவை தலைகாட்டும், அறுபதுக்குமேல் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். வேர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வேலை செய்யாமல் போவதன் அடையாளம் இது, சிறுநீரகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்குள்ளாகவே கோடுகள் ஆழமாகி, நகம் மெலிந்து, நீளவாக்கில் பிளந்து, அடித்தோல் நகத்தின் மேல் சிறகுபோல ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் அது லைக்கன் பிளேனஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். அதைச் சீக்கிரம் கவனிக்காவிட்டால் வேர் தழும்பாகி நகமே நிரந்தரமாகப் போய்விடும். வருடக்கணக்காக மெதுவாக வந்த கோட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

நகம் எளிதில் உடைகிறது, நுனி அடுக்கடுக்காகப் பிரிகிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் தண்ணீரும் சோப்பும்தான். நகம் தண்ணீரில் ஊறும்போது உப்பி, காயும்போது சுருங்குகிறது. நாளைக்குப் பத்து இருபது தடவை இப்படி நடந்தால் அடுக்குகள் பிரியும். கையுறையும் ஈரப்பதம் காக்கும் களிம்பும் மாத்திரையைவிட நல்ல பலன் தரும். இந்த இடத்தில் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் மாத்திரை பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். உடையும் நகத்துக்கு அது ஓரளவு உதவலாம் என்று சில சிறிய ஆய்வுகள் இருக்கின்றன, பலமான ஆதாரம் இல்லை. ஆனால் அதிக அளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனை முடிவுகளையே பொய்யாக்கிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம், தைராய்டு முடிவுகள் தலைகீழாக வரலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-லேயே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. நகத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி இரத்தம் எடுப்பவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றாது, அதுதான் இதில் உள்ள ஆபத்து.

இனி நகம் உண்மையிலேயே உடம்பைப் பற்றிப் பேசும் இடங்கள். எனக்கு மிகவும் பிடித்தது குறுக்குவாக்கில் விழும் பள்ளம். ஜோசஃப் பூ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1846-ல் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கடுமையான காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, புற்றுநோய்க்கான கீமோ மருந்து, இப்படி உடம்பு பெரிய அடி வாங்கும்போது வேர் சில நாட்கள் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அந்த நாட்களில் செய்த நகம் மெலிந்து பள்ளமாகத் தெரியும். அடித்தோலிலிருந்து பள்ளம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்தால் சம்பவம் நடந்த காலத்தை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கட்டைவிரல் நகத்தில் 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் சுமார் இரண்டு மாதத்துக்கு முன்பு ஏதோ நடந்திருக்கிறது, தோலுக்கு அடியில் மறைந்திருந்த நாட்களையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் முன்பு. கீமோ எடுத்துக்கொள்பவர்களின் நகத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பள்ளம் என வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் எந்தக் காய்ச்சல், என்ன நோய் என்பதை நகம் சொல்லாது. அதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும்.

குழந்தைகளுக்குக் கை, கால், வாய்ப் புண் நோய் வந்து போனபின், ஒன்றிரண்டு மாதம் கழித்து நகங்கள் அடியிலிருந்து கழன்று விழுவதும் இதே கதைதான். வேர் ஒரேயடியாக நின்றுவிட்டு மறுபடி தொடங்கியதால், பழைய தட்டும் புதிய தட்டும் இணையவில்லை. பெற்றோர் பதறிப்போய் வருவார்கள். எதுவும் செய்ய வேண்டாம், புது நகம் தானே வரும். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு கட்டைவிரல் நகங்களின் நடுவில் மட்டும் ஏணிப்படிபோல வரிசையாகக் குறுக்குப் பள்ளங்கள் இருந்தால் உள்நோயைத் தேடாதீர்கள். ஆள்காட்டி விரலால் கட்டைவிரலின் அடித்தோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும் பழக்கம் பலருக்குத் தங்களை அறியாமலேயே இருக்கிறது. அதை நிறுத்தினால் ஆறு மாதத்தில் நகம் சரியாகிவிடும்.

குறுக்காக வரும் வெள்ளைக் கோடுகளில்தான் அந்த நகர்தல், அழுத்துதல் சோதனை கைகொடுக்கிறது. ஆர்சனிக் நஞ்சில் பல நகங்களில் ஒரே மட்டத்தில் குறுக்காக வெள்ளைப் பட்டை வரும் என்று மீஸ் என்ற டச்சு மருத்துவர் 1919-ல் எழுதினார். அது தட்டில் இருப்பது, நகத்தோடு நகரும், அழுத்தினால் மறையாது. கடும் நோய்களுக்குப் பின்னும் அப்படிப்பட்ட பட்டை வரலாம். ஆகவே அதைப் பார்த்ததும் யாரோ விஷம் வைத்தார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். இதற்கு நேர்மாறாக, இரட்டை இரட்டையாக வெள்ளைப் பட்டைகள் நகத்தோடு நகராமல் அங்கேயே நின்று, அழுத்தினால் மறைந்தால், அது படுகையின் மாற்றம். இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் வெகுவாகக் குறைந்தவர்களிடம், அதாவது 100 மில்லி லிட்டருக்கு 2.2 கிராமுக்கும் கீழே போனவர்களிடம், மூர்க்கே என்ற மருத்துவர் 1956-ல் இதைக் கண்டு எழுதினார். அல்புமின் கூடினால் கோடு மறைந்துவிடும். சிறுநீரகம் வழியாகப் புரதம் வெளியேறும் நோயில் இதைப் பார்க்கலாம். நீங்கள் படித்த 'கோடு என்றால் சிறுநீரகம்' என்பது அநேகமாக இங்கிருந்துதான் தேய்ந்து திரிந்து வந்திருக்க வேண்டும். குறுக்குக் கோட்டைப் பற்றிச் சொன்னது நெடுக்குக் கோட்டுக்கு ஒட்டப்பட்டிருக்கிறது.

சிறுநீரகம் நெடுநாளாகச் செயலிழந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நகத்தின் அடிப்பாதி வெளுத்தும் நுனிப்பாதி செம்பழுப்பாகவும் இருக்கும். கல்லீரல் சுருக்க நோயில் ஏறக்குறைய முழு நகமும் தேய்த்த கண்ணாடிபோல வெளுத்து, நுனியில் மட்டும் மெல்லிய சிவப்புப் பட்டை எஞ்சும். டெர்ரி என்ற மருத்துவர் 1954-ல் அந்த நோயுள்ள 100 பேரில் 82 பேரிடம் இதைப் பார்த்ததாக எழுதினார். எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறது. ஆனால் கல்லீரல் நோய் உள்ளவர்களில் இத்தனை பேருக்கு நகம் வெளுத்திருக்கிறது என்பதும், நகம் வெளுத்தவர்களில் இத்தனை பேருக்குக் கல்லீரல் நோய் இருக்கிறது என்பதும் வேறு வேறு. வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், இதயம் பலவீனமானவர்கள் என்று பலரிடம் இதே வெளுப்பு வரும். இணையத்தில் உலவும் நகப் படங்களில் பாதிக்குமேல் இந்தத் தவறைத்தான் செய்கின்றன. நோயிலிருந்து நகத்துக்குப் போகும் பாதையைத் திருப்பிப் போட்டு, நகத்திலிருந்து நோய்க்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கல்லீரலும் சிறுநீரகமும் அந்த அளவுக்குக் கெட்டவருக்கு வேறு அறிகுறிகளும் இருக்கும். நகம் மட்டும் தனியாக வந்து செய்தி சொல்வது அபூர்வம்.

நகம் நடுவில் குழிந்து, ஓரங்கள் மேலே தூக்கி, ஒரு துளி தண்ணீர் விட்டால் தேங்கி நிற்கும் அளவுக்கு ஆனால் அது கரண்டி நகம். இரும்புச்சத்துக் குறைவோடு இதற்கு உண்மையான உறவு உண்டு. எல்லோருக்கும் வராது என்பதால், குழி இல்லை என்றால் இரும்பு போதுமானதாக இருக்கிறது என்று எண்ணக் கூடாது. களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குதல், அதிக மாதவிடாய், இவற்றோடு நகமும் குழிந்திருந்தால் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்ப்பது நல்லது. இரும்பு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால், ஏன் குறைந்தது என்பது அடுத்த கேள்வி. நடுவயது ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது சரியில்லை. கைக்குழந்தைகளின் கால் நகம் குழிந்திருப்பது இயல்பானது, வளர வளரச் சரியாகும்.

தவறவிடக் கூடாதவற்றில் முதலாவது, விரல் நுனி பருத்து நகம் உருண்டு வளைவது. மருத்துவர்கள் கிளப்பிங் என்பார்கள். பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலேயே, நெஞ்சில் சீழ் கட்டியவர்களிடம் இது வருவதைக் குறித்திருக்கிறார்கள். இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகத்தோடு நகம் படும்படி முதுகுப்புறமாக ஒட்டிப் பாருங்கள். நகத்தின் அடிப்பகுதியில் வைர வடிவில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது மறைந்திருந்தால் கிளப்பிங் இருக்கலாம். இந்த எளிய சோதனையைச் சொன்னவர் தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத். தனக்கே இதய உட்சுவரில் தொற்று வந்தபோது தன் விரல்களில் கவனித்து 1976-ல் எழுதினார். நுரையீரல் புற்றுநோய், நெடுநாள் நுரையீரல் சீழ், மூச்சுக்குழாய் விரிவு நோய், நுரையீரல் தழும்பு, பிறவியிலேயே நீலம் பாய்ந்த இதய நோய், குடல் அழற்சி நோய்கள் எல்லாம் இதற்குக் காரணம் ஆகலாம். சில குடும்பங்களில் பரம்பரையாக, எந்த நோயும் இல்லாமல் இருக்கும். அதனால் 'எப்போதிலிருந்து' என்ற கேள்வி இங்கே உயிர்நாடி. பழைய புகைப்படங்களில் கை தெரிந்தால் பாருங்கள். சிறு வயதிலிருந்து அப்படியே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. சமீபத்தில் மாறியிருந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயில் தொடங்கி முழுதாகத் தேட வேண்டும். புகைபிடிப்பவருக்கு மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இருக்கிறது, அதனால்தான் விரல் பருத்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த நோய் மட்டும் தனியாகக் கிளப்பிங்கை உண்டாக்குவதில்லை. அவருக்கு விரல் பருத்தால் புற்றுநோய் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். விரல் ஏன் பருக்கிறது என்பதற்கு, நுரையீரலில் சிறு இரத்தத் தட்டணுக்களாக உடைய வேண்டிய பெரிய செல்கள் உடையாமல் விரல் நுனி வரை வந்து தங்கி வளர்ச்சிக் காரணிகளை விடுவிக்கின்றன என்ற விளக்கம் பலரால் ஏற்கப்படுகிறது. ஆனால் அது இன்னும் கருதுகோள்தான்.

நகத்தின் அடியில் சிறாய் குத்தியதுபோல மெல்லிய செங்கருப்புக் கோடுகள் தெரிவது நகப்படுகையின் நுண்குழாய்களில் இரத்தக் கசிவு. இதய வால்வுத் தொற்றில் இது வரும் என்று படித்துவிட்டுத் தூக்கமில்லாமல் வருகிறவர்கள் உண்டு. ஒன்றிரண்டு விரல்களில் நுனியருகே இருந்தால் கைவேலையில் பட்ட அடிதான். பல விரல்களில், வேருக்குப் பக்கத்தில், வாரக்கணக்கில் நீளும் காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே அவசரம் காய்ச்சலுக்காகத்தான், நகக் கோட்டுக்காக அல்ல.

மருத்துவமனையில் தினமும் நான் பார்ப்பவை இப்படிப்பட்ட அபூர்வங்கள் அல்ல, சோரியாசிஸ் என்ற தோல் அழற்சி நோயும் பூஞ்சையும்தான். சோரியாசிஸில் நகத்தின் மேல் ஊசி முனையால் குத்தியதுபோலச் சின்னக் குழிகள் வரும். எண்ணெய்த் துளி விழுந்ததுபோல மஞ்சள் சிவப்புத் திட்டு வரும், நுனியில் நகம் படுகையை விட்டுப் பிரியும். தோலில் ஒரு படையும் இல்லாமல் நகத்தில் மட்டும் இருப்பதும் உண்டு. மூட்டுகளைத் தாக்கும் சோரியாசிஸ் உள்ளவர்களில் பெரும்பான்மையோருக்கு நகத்திலும் மாற்றம் இருக்கும். ஆகவே நகத்தில் இந்தக் குழிகளும், காலையில் எழுந்ததும் விரல் மூட்டில் விறைப்பும் வீக்கமும் சேர்ந்து இருந்தால் மூட்டு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மூட்டு ஒரு தடவை அரித்துப் போனால் திரும்பாது. தலையில் திட்டுத்திட்டாக முடி உதிரும் நோயிலும் குழிகள் வரும், அவை பொதுவாக இன்னும் சிறியவை, வரிசையாக இருக்கும்.

நகம் தடித்து மஞ்சளாகி உதிர்ந்தால் எல்லோரும் பூஞ்சை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நோய் பிடித்த நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. மீதியில் சோரியாசிஸ் இருக்கும், காலணி அழுத்தம் இருக்கும், வயது இருக்கும். வெறும் கண்ணால் பார்த்து இதைத் தீர்மானிக்க எனக்கே தயக்கம் உண்டு. நகத்துண்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தோ, ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தோ (கல்ச்சர்) உறுதிப்படுத்திய பிறகுதான் மாத்திரை தருவேன். பூஞ்சைக்கான மாத்திரை கை நகத்துக்கு வழக்கமாக ஆறு வாரம், கால் நகத்துக்குப் பன்னிரண்டு வாரம் போக வேண்டும், அரிதாகக் கல்லீரலைத் தொந்தரவு செய்யும். இல்லாத பூஞ்சைக்கு அதைச் சாப்பிடுவது வீண். நகம் படுகையை விட்டுப் பிரிந்து அடியில் பச்சையாகத் தெரிந்தால் அது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, ஈரம் தங்கும் இடத்தில் குடியேறும். பிரிந்த நகத்தை வெட்டி உலர்வாக வைத்தாலே பாதி குணம். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கும் நகம் இப்படிப் பிரியலாம். படபடப்பும் எடைக் குறைவும் கூட இருந்தால் தைராய்டு பார்க்கலாம்.

இப்போது உங்கள் கட்டைவிரல். நகத்தின் அடியிலிருந்து நுனி வரை ஓடும் பழுப்பு அல்லது கறுப்புப் பட்டை, வேரில் இருக்கும் நிறமிச் செல்கள் விழித்துக்கொண்டதால் வருவது. தோல் கறுப்பாக உள்ளவர்களிடம் இது மிகவும் சகஜம். பல நகங்களில் இருக்கும், வயதாக ஆகக் கூடும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கர்ப்பம், சில கீமோ மருந்துகள், வைட்டமின் பி12 குறைவு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு இவற்றிலும் பல நகங்களில் பட்டை வரலாம். பயமெல்லாம் ஒரே நகத்தில் இருக்கும் பட்டையைப் பற்றித்தான். நகத்தின் மெலனோமா என்னும் புற்றுநோய் அபூர்வம், ஆனால் அது பெரும்பாலும் கை கட்டைவிரலிலோ கால் கட்டைவிரலிலோ, நடுவயதுக்குப் பின், இப்படி ஒற்றைப் பட்டையாகத்தான் தொடங்குகிறது. வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்குத்தான் மெலனோமா வரும் என்று நினைப்பது தவறு. கறுத்த தோல் உள்ளவர்களுக்கும் ஆசியர்களுக்கும் வரும் மெலனோமாக்களில் கை, கால், நகம் இவற்றில் வருபவற்றின் பங்கு மிக அதிகம். நகப் பட்டை சகஜம் என்ற எண்ணத்தாலேயே அவர்களிடம் இது தாமதமாகத் தெரியவருகிறது. எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம். ஆரம்பத்தில் கண்டால் நகத்தையும் வேரையும் எடுத்துவிட்டுக் குணப்படுத்திவிட முடிகிற நோய் இது.

எது எச்சரிக்கை என்றால், பட்டை 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாவது, சில மாதங்களுக்குள் விரிவது அல்லது கறுப்பது, நிறம் ஒரே சீராக இல்லாமல் கலங்கலாக இருப்பது, அடிப்பகுதி அகலமாகவும் நுனி குறுகலாகவும் இருப்பது (இது பட்டை வேகமாக வளர்கிறது என்பதற்கு அடையாளம்), நகம் பிளந்து இரத்தம் கசிவது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, கறுப்பு நகத்தோடு நிற்காமல் அடித்தோலிலும் பரவுவது. ஜொனாதன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொன்னார். சில சமயம் நிறமே இல்லாமலும் இந்தப் புற்று வரும், ஆறாத புண்போல இருக்கும். இன்னொரு பக்கம், அடிபட்டு நகத்துக்கு அடியில் கட்டிய இரத்தமும் கறுப்பாகத்தான் தெரியும். அது பட்டையாக இருக்காது, திட்டாக இருக்கும், நகம் வளர வளர அதற்கும் அடிப்பிறைக்கும் இடையே சுத்தமான நகம் தெரியத் தொடங்கும். உங்களுடையது லேசான பழுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு நாளாக, எவ்வளவு அகலம் என்று எழுதவில்லை. பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் 'ஒரே நகம், கட்டைவிரல், நாற்பதுக்கு மேல்' என்ற மூன்றும் சேரும்போது படத்தைப் பார்த்து யாரும் உறுதி சொல்லக் கூடாது. டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். வலிக்காது. சந்தேகம் இருந்தால் வேரிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். விரலை மரக்கச் செய்துதான் எடுப்பார்கள். நகத்தில் மெல்லிய கோடு நிலைக்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

பிறை இல்லை என்றால் இரத்தம் குறைவு, பெரிதாக இருந்தால் இதயக் கோளாறு என்றெல்லாம் சொல்வதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. பலருக்குப் பிறை கட்டைவிரலில் மட்டும் தெரியும், மற்ற விரல்களில் தோலுக்கு அடியில் மறைந்திருக்கும். நகம் நீலமாவது வேறு விஷயம். குளிரில் நீலமாகி வெப்பத்தில் மாறினால் பரவாயில்லை, உதடும் நாக்கும் சேர்ந்து நீலமானால் ஆக்சிஜன் குறைகிறது, உடனே மருத்துவமனை. அப்புறம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கருநிற நகப்பூச்சின் மேல் தவறான எண் காட்டலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கால்சியம் வேண்டாம், சிறுநீரகப் பரிசோதனை நகத்துக்காக வேண்டாம். சர்க்கரை அல்லது இரத்தக் கொதிப்பு இருந்தால் அதற்காக வழக்கமாகச் செய்வதைச் செய்யுங்கள். இன்றே பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, அந்தக் கட்டைவிரலைப் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதத்துக்குள் தோல் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். மேலே சொன்ன எச்சரிக்கை அடையாளம் ஏதாவது இருந்தால் இந்த வாரத்திலேயே. போகும்போது நகப்பூச்சு, மருதாணி எதுவும் இருக்கக் கூடாது, நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போகாதீர்கள். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள், ஊட்டச்சத்து மாத்திரைகளையும் சேர்த்து. கால் நகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள், பலர் காலுறையைக் கழற்றாமலேயே திரும்பி வந்துவிடுகிறார்கள். 'ஒன்றும் இல்லை' என்று மருத்துவர் சொன்னால், எத்தனை மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், என்ன மாறினால் அதற்கு முன்பே வர வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.